பெயர் அச்சிடாத கார்டு

ஆவுடைத்தாய் தினமும் துடைத்த தரை அவள் புருஷன் விழுந்த கட்டடத்தின் தரைதான். மலையாளத்துப் பக்கம் கழக்கூட்டம் என்ற ஊரில் அந்த ஐந்து மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த 2006ஆம் வருஷம், மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து வன்னியபெருமாள் சறுக்கி விழுந்தான். வலது இடுப்புக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போனது. முதல் ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் காண்ட்ராக்டர் கொடுத்தார். ஆவுடைத்தாய் நஷ்டஈடு கேட்டுப் போனபோது, "கட்டடம் முடிஞ்சதும் உனக்கு உள்ளே வேலை போட்டுத் தரச் சொல்றேன்" என்றார். அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் காப்பாற்றினார்.

காலில் தகடு வைத்துக் கட்டிய வன்னியபெருமாளைப் புளியங்குடியில் அவனுடைய தங்கை வீட்டில் விட்டுவிட்டு ஆவுடைத்தாய் கழக்கூட்டத்துக்குத் திரும்பினாள். வயது முப்பத்தொன்பது. பிள்ளைகள் இல்லை. காலை ஆறு மணிக்கு நீலச் சேலையும் மேலே ஒரு கோட்டும் போட்டுக்கொண்டு உள்ளே போனால் மூன்று மணிக்கு வெளியே வருவாள். இரண்டு மாடி துடைப்பது அவள் பங்கு. மூன்றாம் மாடியின் கிழக்குப் பக்கக் கண்ணாடிக்கு மட்டும் போக மாட்டாள். அதை ராகேல் துடைத்துக் கொடுப்பாள்.

ராகேல் பாறசாலைக்காரி. இவளைவிட நாலு வயது இளையவள். வீட்டிலிருந்து தினமும் வந்து ஆறு மணி வேலையைப் பிடிக்க முடியாது என்பதால் இரண்டு பேரும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள். ராகேலுக்கு ஒரே மகள், நாகர்கோவிலில் நர்சிங் படித்தாள். புருஷன் எப்போதோ பெங்களூருக்குப் போய் அப்படியே இருந்துவிட்டான். அறையில் ஒரு ஸ்டவ், இரண்டு பாய், இரண்டு டிரங்குப் பெட்டி. ஒருத்தி பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்று மற்றவளுக்குத் தெரியும்.

2007 ஜூனில் சூப்பர்வைசர் ஸ்ரீகண்டன் துப்புரவுப் பெண்கள் முப்பத்தொரு பேரையும் வண்டி நிறுத்தும் அடித்தளத்துக்குக் கூப்பிட்டார். இனிமேல் சம்பளம் கவரில் கிடையாது என்றார். கையில் இரண்டு கட்டுக் காகிதம் வைத்திருந்தார்.

"இது பேங்க் அக்கவுண்ட். ரேஷன் கார்டு காப்பி வேணும், ரெண்டு போட்டோ வேணும், அந்த பேங்கில் அக்கவுண்ட் உள்ள ஒராள் கையெழுத்து ஒப்பிட்டுத் தரணும். மூணு ஆழ்ச்ச, அதாவது மூணு வாரம் ஆகும். இது வெறும் கார்டு. கம்பெனி மாசாமாசம் இதுல பைசா நிறைக்கும். ஒரு கையொப்பு போதும், இன்னிக்கே கையில கிட்டும். யார்க்கு எது வேணும்?"

ராகேல் அக்கவுண்டுக்கு எழுதிக் கொடுத்தாள். அவளுக்குப் பாறசாலையில் ரேஷன் கார்டு இருந்தது, சபை போதகருக்கு அந்த வங்கியில் கணக்கும் இருந்தது.

"அக்கா, நீங்களும் இதையே எடுங்க. பாஸ்புக்கு உண்டு. எவ்வளவு போச்சு, எவ்வளவு வந்துன்னு பேங்குக்காரங்க அச்சடிச்சுத் தருவினும்."

"ரேஷன் கார்டு புளியங்குடில கெடக்கு. அதுக்கு ஒருக்கா போய்ட்டு வந்தா மூணு நாள் சம்பளம் போயிரும். எனக்கு இவ்விடத்துல யாருட்டி கையெழுத்துப் போடுவா? கார்டே போதும்."

அன்றைக்கு நாலு பேர்தான் அக்கவுண்டு எடுத்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் கார்டு.

ஆவுடைத்தாயின் கைக்கு வந்த கார்டு கருநீலம். மேலே பதினாறு எண்கள் புடைத்திருந்தன. பெயர் எழுதியிருக்கவில்லை. பக்கத்தில் நின்றவளின் கார்டும் அப்படியே இருந்தது. கூடவே ஒரு ஒட்டிய கவர். அறைக்கு வந்ததும் ராகேல்தான் அதன் ஓரத்தைக் கிழித்துப் பிரித்து உள்ளே இருந்த எண்ணை வாசித்தாள். ஏழு, மூன்று, சைபர், ஆறு. ஆவுடைத்தாய் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்தாள். பிறகு ராகேல் அந்தத் தாளை ஸ்டவ்வில் காட்டிக் கரியாக்கினாள்.

"யாருட்டயும் பறயப்பிடாது அக்கா. கெட்டின மாப்பிளைக்கிட்டகூட."

கார்டை ஒரு சோப்பு டப்பாவில் வைத்துப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தாள் ஆவுடைத்தாய்.

முதல் மாதம் சம்பளம் எடுக்கத் தனியாகப் போனாள். நாற்சந்தியில் ஒரு கண்ணாடி அறை, வாசலில் நாற்காலி போட்டு ஒரு காவலாளி. கார்டை எப்படிச் செருகுவது என்று ஸ்ரீகண்டன் காட்டியிருந்தார். செருகினாள். திரையில் ஆங்கிலம் வந்தது, இந்தி வந்தது, மலையாளம் வந்தது. அவள் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். எண்கள் தெரியும். ஆனால் எந்த இடத்தில் எண்ணைக் கேட்கிறது, எந்த இடத்தில் தொகையைக் கேட்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இயந்திரம் கார்டை வெளியே தள்ளியது. மறுபடி செருகினாள், மறுபடி தள்ளியது. பின்னால் வரிசை சேர்ந்தது.

வெளியே வந்து காவலாளியிடம் நின்றாள். அவர் பெயர் திரவியம். களியக்காவிளைக்குப் பக்கத்து ஊர். வயது ஐம்பத்தெட்டு. ரப்பர் ஷீட் கிடங்கில் சுமை தூக்கி முதுகு போனபிறகு ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் சேர்ந்தவர். சட்டை அவருக்கு இரண்டு அளவு பெரியது.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்கு. கொஞ்சம் வந்து அமுக்கித் தாங்களேன்."

"நான் உள்ள வரப்பிடாது பிள்ளே. கார்டையும் தொடப்பிடாது. அது ரூல். நான் இங்கின நின்னு சொல்லுதேன், நீயே அமுக்கு."

கண்ணாடிக்கு வெளியே நின்றபடி சொன்னார்: மூன்றாவது பட்டன், வலது பக்கம். இப்ப நம்பர் அமுக்கு. அதைச் சொல்லிவிட்டு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்தார். அவள் அமுக்கி முடித்தாளா என்று கேட்டபிறகுதான் திரும்பினார். அப்படியே நாலு மாதம் போனது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் எல்லாம் மாறியது. சம்பள தினம். கண்ணாடி அறைக்குள் நனைந்த கூட்டம். திரை வழக்கத்துக்கு மாறாக எதையோ கேட்டது. பின்னால் நின்ற ஒருவன், "சேச்சி, ஒந்நு வேகம்" என்று சத்தம் போட்டான். மழைச் சத்தத்தில் திரவியம் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. பதறிப்போய்க் கதவைத் திறந்து, "ஏழு மூணு சைபர் ஆறு அண்ணாச்சி, நீங்களே அமுக்குங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்று கத்தினாள்.

அவர் கதவடிக்கு வந்தார். "இதை என் செவியில போட்டுட்டியே பிள்ளே" என்றார். பிறகு உள்ளே வந்து அமுக்கிப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு முறை நடந்துவிட்டால் அதற்குப் பிறகு என்ன? மாதாமாதம் அவரே அமுக்கினார். அவள் ஆயிரத்து இருநூறு எடுப்பாள், மீதியைக் கார்டிலேயே விடுவாள். ஓவர்டைம் பணமும் அதில் சேர்ந்தது. வன்னியபெருமாளின் காலிலுள்ள தகட்டை எடுக்க வேண்டும், தாமதிக்கக் கூடாது என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லியிருந்தார். மார்ச் பதினைந்து என்று தேதியும் குறித்தாயிற்று. பெட்டியில் ரொக்கமாக வைத்தால் செலவாகும், கார்டில் கிடந்தால் கிடக்கும் என்பது அவள் கணக்கு. பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் சேர்ந்திருந்தது.

2008 மார்ச் ஒன்றாம் தேதி திரவியம் கார்டைச் செருகி, மிச்சம் எவ்வளவு என்று பார்த்தார். கண்ணைச் சுருக்கி மறுபடி பார்த்தார்.

"பிள்ளே, நீ வேற எங்கயாவது எடுத்தியா?"

"இல்லையே."

"புதுச் சம்பளத்தோட சேத்து மூவாயிரத்து நூறுதான் இருக்கு."

அவள் திரையைப் பார்த்தாள். எண்கள் தெரியுமே. 3100 என்று இருந்தது. அதற்கு முன்னால் ஒரு ஒன்றைத் தேடினாள், இல்லை. அவர் மூன்று தடவை கார்டை எடுத்துச் செருகிக் காட்டினார். மூன்று தடவையும் அதே எண். கார்டை அவசரமாக அவள் கையில் திணித்துவிட்டு அவர் வெளியே போனதை அவள் கவனித்தாள். அந்த அவசரம் பயத்தினால் வந்தது என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. வேறு ஒன்று தோன்றியது.

அறைக்கு வந்து ராகேலிடம் சொல்லி அழுதாள். ராகேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அக்கா, மெஷின்ல தப்பு வரும், கேட்டியளா. சிலருக்குப் போன பைசா பத்து நாள்ல தானே திரும்பி வந்திருக்கு. பொறுங்க. போலீசு கீலீசுன்னு போவாண்டாம். அவனுவ நம்மளைத்தான் அலைக்கழிப்பானுவ."

ராகேல் நல்லதுக்குத்தான் சொல்கிறாள் என்று ஆவுடைத்தாய் நினைத்தாள். இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் கழிவறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே உட்கார்ந்துவிட்டாள். ஸ்ரீகண்டன் பார்த்துக் காரணம் கேட்டார். அவர் மோசமான ஆள் இல்லை. தன் ஸ்கூட்டரிலேயே அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்.

எஸ்.ஐ. இளைஞர். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு மலையாளத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நம்பர் யாருக்கெல்லாம் தெரியும்?

"எனக்குத் தெரியும். ஏடிஎம் வாசல்ல நிக்கிற அண்ணாச்சிக்குத் தெரியும்."

"வேறே?"

"வேற யாருக்கும் தெரியாது சார்."

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. கவரைக் கிழித்த கையை அவள் வேறு ஆளின் கை என்றே எண்ணியிருக்கவில்லை. ஒரே சட்டியில் சோறு வடித்து ஒரே தட்டில் குழம்பு ஊற்றித் தின்கிறவளை யாராவது பட்டியலில் சேர்ப்பார்களா?

அரை மணி நேரத்தில் திரவியத்தைக் கொண்டுவந்தார்கள். பெல்ட்டையும் தொப்பியையும் கழற்றச் சொன்னார்கள். கழற்றி மேசைமேல் வைத்தார். அப்போது அவளைப் பார்த்தார்.

"பிள்ளே, நான் எடுத்தேனா? உனக்க மனசைத் தொட்டுச் சொல்லு."

ஆவுடைத்தாய் தலையைக் குனிந்துகொண்டு, "உங்களுக்கு மட்டும்தான அண்ணாச்சி தெரியும்" என்றாள்.

அவரை உள்ளே கூட்டிப் போனார்கள். இவளைப் போகச் சொன்னார்கள். வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. ஸ்ரீகண்டன் வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

மூன்றாம் நாள்தான் விட்டார்கள். அவர் வீட்டில் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. வழக்கு எதுவும் எழுதவில்லை. ஆனால் ஏஜென்சி அன்றைக்கே வேறு ஆளை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது. திரவியம் உள்ளங்காலைத் தரையில் ஊன்ற முடியாமல் ஒரு ஆட்டோவில் ஏறிப் போனார் என்று பெட்டிக்கடைக்காரர் மைதீன் சொன்னார். "அந்த மனுஷன் ஒரு சாயா சும்மா குடிக்க மாட்டாரே" என்றும் சொன்னார். ஆவுடைத்தாய் வாங்க வந்த தீப்பெட்டியை வாங்காமலே போனாள்.

மார்ச் பதினைந்து வந்தது, போனது. புளியங்குடியிலிருந்து வன்னியபெருமாள் பக்கத்து வீட்டு போனில் பேசினான்.

"காசு கெடைக்குமா கெடைக்காதாட்டி?"

"வாங்கிருவோம். வாட்ச்மேனைப் புடிச்சு உள்ள வச்சாவ. கக்கிருவான்."

"காலு ரெண்டு நாளா சுடுது. மருந்து வச்சுக் கட்டுதா தங்கச்சி."

ராகேல் இரண்டாயிரம் ரூபாயை எடுத்து அவள் கையில் திணித்தாள். திருப்பித் தர வேண்டாம், மருந்துக்கு அனுப்புங்க என்றாள். அன்றைக்கு ஆவுடைத்தாய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ராகேலின் உடம்பு விறைத்துப்போய் இருந்தது.

பணம் எப்போது, எங்கே எடுக்கப்பட்டது என்று தெரிய வேண்டும் என்று ஆவுடைத்தாய் வங்கிக் கிளைக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி பொறுமையாகத்தான் பேசினார்.

"இது உங்க பேர்ல உள்ள அக்கவுண்ட் இல்லம்மா. கார்டு கம்பெனியோடது. நீங்க உபயோகிக்கிற ஆள், அவ்வளவுதான். ஸ்டேட்மென்ட் வேணும்னா கம்பெனி லெட்டர் தரணும்."

"காசு என்னுதுதானே அம்மா?"

"காசு உங்களுதுதான்" என்றார் அவர். பிறகு கார்டின் பின்னால் இருந்த ஒரு போன் எண்ணைக் காட்டி, "காணோம்னு தெரிஞ்ச அன்னிக்கே இதுல கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம், நம்பரையும் மாத்தியிருக்கலாம்" என்றார். அந்த எண் எதற்கு என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

கம்பெனிக் கடிதம் கொச்சிக்குப் போய், அங்கே யாரோ விடுப்பில் இருந்து, திரும்பி வர நாலு வாரம் ஆனது. ஏப்ரல் நடுவில் ஸ்ரீகண்டன் ஒரு தாளைக் கொண்டுவந்து அடித்தளத்தில் வைத்தே வாசித்துக் காட்டினார்.

"பிப்ரவரி பத்து. ஞாயிறு. கிழக்கேகோட்டை ஏடிஎம். காலையில பதினொண்ணு நாப்பத்திரண்டு, ஆறாயிரம். நாப்பத்திநாலு, பின்னையும் ஆறாயிரம்."

வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். பிறகு, "சேச்சி, பிப்ரவரியில எல்லா ஞாயிறும் அந்தாளுக்குக் காலையில டியூட்டி. ஞான் அதிலே போகும்போது காணும். கிழக்கேகோட்டை எவிட, இது எவிட" என்றார்.

ஆவுடைத்தாய் அதைக் கேட்டாளோ இல்லையோ. அவள் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தாள். மூட்டு மூட்டாய் வலித்த காய்ச்சலில் அவள் எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்த நாள். ராகேல் காலையில் சபைக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிப் போனாள். மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தாள். கையில் அரைக் கிலோ கருப்புத் திராட்சை. "கிழக்கேகோட்டையில இறங்கினேன் அக்கா, உங்களுக்குன்னு வாங்கினேன்." கழுவி ஒவ்வொன்றாக வாயில் ஊட்டியும் விட்டாள்.

ராகேல் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயில் இன்னும் போகவில்லை. ஆவுடைத்தாய் தாளை அவள் முன்னால் நீட்டினாள். ராகேலுக்கு ஆங்கிலம் கொஞ்சம் வாசிக்க வரும். வாசித்தாள். ஈரக் கையோடு வாங்கியதால் தாளின் ஓரம் நனைந்தது.

"நீதானட்டி?"

ராகேல் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"மொவளுக்குக் காலேஜ்ல பரீட்சைக்கு ஹால் டிக்கெட் தரமாட்டேன்னு சொல்லிட்டினும் அக்கா. பீசு கட்ட மறுநாள்தான் கடைசி நாளு. சிட்டிச் சீட்டுல சேந்திருந்தேன், அந்த மாசம் எனக்கு விழும்னு சொன்னாவ. விழுந்ததும் திரும்பப் போட்டிரலாம், நீங்க ஒண்ணாம் தேதிதான பாப்பியன்னு..."

"எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?"

"அண்ணனுக்க காலுக்கு வச்ச பைசா. எந்த வாயி வச்சுக் கேப்பேன்?"

"பின்ன ஏம்ட்டி திரும்பப் போடல?"

ராகேல் அழ ஆரம்பித்தாள்.

"சிட்டி மார்ச் அஞ்சாம் தேதிதான் கிட்டிச்சு. அன்னைக்கே பன்னிரண்டாயிரத்தையும் கொண்டு பேங்குக்குப் போனேன் அக்கா. எனக்க அக்கவுண்டுல யாரு வேணும்னாலும் பைசா போடலாம்லா, இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன். இந்தக் கார்டுல கம்பெனி மட்டும்தான் நிறைக்க முடியும், வெளியாளு போட முடியாதுன்னுட்டான். போட முடிஞ்சிருந்தா மெஷினே திரும்பத் தந்துன்னு நீங்க நினச்சிருப்பிய. கையில தந்தா எங்கயிருந்து வந்துன்னு கேப்பியளே. அதுக்குள்ள அவரைப் பிடிச்சிட்டும் போயாச்சு..."

"அடி வாங்கினாரே. அதைக் கேட்டுட்டு எப்படிடி என்கூட உக்காந்து சோறு தின்ன?"

ராகேல் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். ஆவுடைத்தாய் அவளை அடிக்கவில்லை. நாளைக் காலை ஏஜென்சி ஆபீசுக்கு வந்து திரவியம் எடுக்கவில்லை என்று உன் வாயால் சொல்ல வேண்டும், அதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்றாள். ராகேல் வருகிறேன் என்று தலையாட்டினாள்.

காலையில் ஆவுடைத்தாய் பல் தேய்த்துவிட்டு வந்தபோது ராகேலின் பெட்டியும் பாயும் இல்லை. இவளுடைய பெட்டிமேல் செய்தித்தாளில் சுற்றிய பத்தாயிரம் ரூபாய் இருந்தது. இரண்டாயிரத்தைத்தான் முன்பே கொடுத்துவிட்டாளே. கணக்கு சரியாக இருந்தது.

அந்த ரூபாயில் ஐம்பதை உடைத்து, ஆவுடைத்தாய் களியக்காவிளைக்கு பஸ் ஏறினாள். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். திரவியத்தின் மனைவி முத்தாரம்மாள் வாசலில் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். யாரென்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இன்னும் என்ன எடுக்க வந்திருக்க? வீட்டைக் குடஞ்சு பாத்தாச்சு, அரிசிப் பானையக் கவுத்தும் பாத்தாச்சு. அக்கம்பக்கத்துக்காரி எல்லாம் வந்து நின்னு பாத்தா."

"நாந்தான் தப்பு செஞ்சேன் அக்கா. அவர் எடுக்கல. தாளு இருக்கு."

திரவியம் உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கிழக்கேகோட்டை என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். அவள் அவர் காலில் விழப்போனாள்.

"காலைத் தொடாத பிள்ளே, வலிக்கும்" என்றார். அதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. கால் நிஜமாகவே வலித்தது.

இரண்டு பேரும் அன்றைக்கே பட்டணத்துக்கு வந்து ஏஜென்சி ஆபீசில் நின்றார்கள். மேனேஜர் தாளைப் பார்த்தார்.

"இதை வச்சு ஞான் எந்து செய்யும்? போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து, இந்தாளு மேல ஒண்ணும் இல்லன்னு எழுதி வாங்கி வா. அப்பறம் பாக்காம்."

ஸ்டேஷனுக்குப் போனார்கள். திரவியம் வாசலிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. எஸ்.ஐ. ஆவுடைத்தாய் சொன்னதைக் கேட்டுவிட்டு, எடுத்தவள் எங்கே என்றார். போய்விட்டாள் என்றாள். பணம் கிடைத்ததா என்றார். கிடைத்தது என்றாள்.

"பின்னே எந்தா பிரஸ்னம்? கேஸே எடுத்திட்டில்ல. இல்லாத கேசுக்கு ஒண்ணும் இல்லன்னு எப்படி எழுதித் தரும்? போ, போ."

வெளியே வந்து அதைச் சொன்னபோது திரவியம் முதல்முறையாகச் சிரித்தார். சிரிப்பென்று சொல்ல முடியாத ஒன்று.

"அடிச்சதுக்கும் தாளு இல்ல, விட்டதுக்கும் தாளு இல்ல" என்றார். கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "நீ மழையில நின்னு நம்பரைக் கத்தினப்பவே நான் ரோட்டுக்கு இறங்கிப் போயிருக்கணும். ரூலை எழுதி வச்சவனுக்குக் கிறுக்கு இல்ல. அது உனக்கு மட்டும் காவல் இல்ல பிள்ளே, எனக்கும்தான். அது எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார்.

கடைசியில் மேனேஜர் இரக்கப்பட்டு ஒரு வேலை கொடுத்தார். மலைப்பக்கம் வித்துரா ஊரைத் தாண்டி, பூட்டிக் கிடந்த ஒரு தேயிலைக் கிடங்குக்குக் காவல். பாதிச் சம்பளம். ஆள் நடமாட்டம் இல்லாத இடம். அங்கே யாரும் யாரைப் பற்றியும் புகார் சொல்ல மாட்டார்கள். திரவியம் போனார். ஆவுடைத்தாய் நூறு இருநூறு என்று கொஞ்ச மாதம் மணியார்டர் அனுப்பினாள். மூன்றாவது மணியார்டர் திரும்பி வந்தது. வாங்க மறுத்தார் என்று தபால்காரர் எழுதியிருந்தார்.

வன்னியபெருமாளின் காலைத் திறந்தபோது மே மாதம் ஆகியிருந்தது. தகட்டைச் சுற்றிச் சீழ். டாக்டர் தகட்டை எடுத்தார், கூடவே கெட்டுப்போன எலும்பையும் செதுக்கி எடுத்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் முழங்கால் மடங்கியிருக்கும் என்றார். இப்போது மடங்கவில்லை. காலை நீட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும், நீட்டிக்கொண்டுதான் படுக்க வேண்டும்.

ஊருக்குப் போனபோது ஆவுடைத்தாய் ரேஷன் கார்டைக் கையோடு எடுத்து வந்தாள். ஸ்ரீகண்டன் கையெழுத்துப் போட்டார். அவள் பெயரைத் தமிழில் சொல்ல, அந்தப் பெண் அதிகாரி ஆங்கிலத்தில் எழுதி பாஸ்புக் கொடுத்தார். ஏடிஎம் கார்டு வேண்டுமா என்று கேட்டதற்கு, ஆவுடைத்தாய் வேண்டாம் என்று சொல்லவில்லை. திரையை முதலில் எனக்குப் படித்துக் காட்டுங்கள், எந்தச் சொல் எதைக் கேட்கிறது என்று சொல்லுங்கள், அதன்பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றாள். நாலு நாள் வேலை முடிந்து வந்து நின்று கற்றுக்கொண்டாள். நம்பரைத் தானே மாற்றினாள். அமுக்கும்போது இடது கையால் மறைத்துக்கொண்டாள், அறைக்குள் யாரும் இல்லாதபோதும்.

மழைக்காலத்தில் துப்புரவுக்குப் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். மார்த்தாண்டத்துக்காரி, ஜெபமலர் என்று பெயர். அதே கருநீலக் கார்டு அவள் கைக்கும் வந்தது. ஒட்டிய கவரைக் கொண்டுவந்து ஆவுடைத்தாயிடம் நீட்டி, "இதைக் கிழிச்சு வாசிச்சுத் தாங்கக்கா" என்றாள். ஆவுடைத்தாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எங்கிட்டச் சொல்லாத, நீயே கிழி" என்றாள். குரல் கொஞ்சம் கடுமையாக இருந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய்த் தள்ளி நின்றாள்.

அதற்குப் பிறகு ஆவுடைத்தாய் யாரோடும் அறையைப் பங்கு போடவில்லை. வாடகை கூடுதலாகத்தான் ஆயிற்று. ராகேலைப் பற்றி ஒரு தடவை கேள்விப்பட்டாள். மகள் பரீட்சையில் தேறி டெல்லியில் வேலைக்குப் போய்விட்டாளாம், தாயும் கூடப் போய்விட்டாளாம். கேட்டுக்கொண்டாள்.

ஊரில்தான் அவளால் ஒன்றைச் சரிசெய்ய முடியவில்லை. முதலில் போனில் வாட்ச்மேன் என்று சொன்னது அவள்தான். அதை வன்னியபெருமாள் தங்கையிடம் சொல்ல, தங்கை தெருவில் சொல்ல, அது அப்படியே நின்றுவிட்டது. வருகிறவர்கள் நீட்டிக் கிடக்கும் காலைப் பார்த்துவிட்டு, "அந்த மலையாளத்து வாட்ச்மேன் பாவி இப்படிப் பண்ணிட்டானே" என்பார்கள். "அவர் எடுக்கல, அவர் நம்ம பக்கத்து ஆளுதான், நல்ல மனுஷன்" என்று ஆவுடைத்தாய் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். "ஆமா, நீ யாரைத்தான் குத்தம் சொல்லுவே" என்று அவளுடைய நல்ல மனசை மெச்சிவிட்டுப் போவார்கள்.